எட்டு நாள் கடிதம், ஆறு நாள் மாமன்

குருவிநத்தத்தில், பெண்ணையாற்று மணலில், பச்சைவாழி அம்மன் கோயிலுக்கு எதிரே அந்த வைகாசி வெள்ளிக்கிழமை காலையில் இருந்தவர்கள்: என் அக்கா அஞ்சலை, அவள் வீட்டுக்காரர், காட்டேரிக்குப்பத்திலிருந்து மூன்று வண்டி கட்டி வந்த அவள் மாமியாரும் அந்தப் பக்கத்துச் சனமும், எங்கள் அப்பா, பாகூரிலிருந்து தங்கக் கம்பியோடு வந்த பத்தர், மொட்டையடிக்க வந்தவர், இரண்டு ஆட்டுக்கிடா, மூன்று வயதுக் குழந்தை குப்பு. இல்லாதவன் ஒருவன்தான். குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தக் கொடுக்க வேண்டிய தாய்மாமன், அதாவது நான். முகூர்த்த நேரத்தில் நான் நெல்லூருக்குப் பக்கத்தில் மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் நின்றுகொண்டு, ஓடுகிற பனைமரங்களை வைதுகொண்டிருந்தேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும், என்னைப் போல் கடல் தாண்டி வந்து ஏதோ ஒரு புரோவில், பிரெஞ்சு ஆபீசில், நாற்காலி தேய்ப்பவர்களுக்கும் அந்த நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். தூரம் என்றால் என்ன என்று அன்றுவரை எனக்குத் தெரிந்திருந்தது வேறு. பிறகு தெரிந்துகொண்டது வேறு.

சைகோன் ஏரோத்ரோமில், அதாவது விமான மைதானத்தில், எனக்குக் குமாஸ்தா வேலை. தபால் மூட்டைகளின் எடையையும், விமானம் வந்த நேரம் போன நேரத்தையும் பேரேட்டில் எழுத வேண்டும். எங்கள் அறைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. பாங்காக், ரங்கூன், அக்யாப், கல்கத்தா என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கிலோமீட்டரும் மணியும் போட்டிருக்கும். ஒவ்வொரு காலையும் அந்தப் பலகையைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கணம் திகைப்பாக இருக்கும். ரங்கூன் என்பது எங்கள் பக்கத்தில் ஒருவன் போனால் பெண்டாட்டி தாலியைத் தொட்டுக் கும்பிடுகிற ஊர். இங்கே அது ஒரு பகல் பயணம். உடன் வேலை பார்க்கும் இந்த நாட்டுக்காரர்களான அன்னாமியர்கள், "இன்று பாங்காக் இருபது நிமிடம் தாமதம்" என்று, பக்கத்துத் தெருவில் கறிகாய் வாங்கப் போனவனைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள்.

நான் வளர்ந்த இடத்தில் தூரத்துக்கு எண்ணே கிடையாது. பாகூர் ஏரி ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற தூரம். கொல்லைமேட்டுக் கிணறு கூப்பிடு தூரம். பிரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சைக்கு அப்பா என்னைப் புதுச்சேரிக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போனபோது, கோழி கூவக் கிளம்பி, கிருமாம்பாக்கத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, அரியாங்குப்பத்தில் கூழ் குடித்து, உச்சி வெயிலில் பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கினோம். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். அப்பா அன்று பள்ளிக்கூடத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எம்மாம் தூரம்டா உன் படிப்பு" என்றார். அவருக்கு அந்தப் பன்னிரண்டு கல்தான் உலகத்தின் நீளம். வண்டியின் அடியில் ஆடிக்கொண்டு வந்த லாந்தர் விளக்கின் எண்ணெய் வாடை இப்போதும், இங்கே மழைக்காலத்தில் பெட்ரோல் டின்களைத் திறக்கும்போது, எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறும்.

இந்த இரண்டு தூரங்களையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டவன் நான்தான். முதல் ஆண்டில், இளரத்தத்தின் கர்வத்தில், வீட்டுக்கு எழுதினேன்: "நான் வேலை செய்யும் சைகோன் மைதானத்திலிருந்து கல்கத்தா மைதானத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். ஆகாயத்தில் பறக்கும் நேரம் பதினான்கு மணிதான். இரவில் பறக்க மாட்டார்கள், ஆகையால் இரண்டு நாள். வாரம் ஒரு விமானத்தை நான் அனுப்பிவைக்கிறேன். விமானம் இறங்க மரம் மட்டை இல்லாத சமதரை போதும். நம் ஆற்று மணல் அளவு இருந்தால் தாராளம்." அனுப்பிவைக்கிறேன் என்றால், எடை எழுதுகிறேன் என்று பொருள். அதை நான் விளக்கவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டிய பாகூர் வாத்தியாரும் விளக்கவில்லை. குமாஸ்தா என்பவன் அந்த விமானத்தில் ஏற முடியாது, பயணக் கட்டணம் அவனுடைய ஆறு மாதச் சம்பளம் என்பதையும் நான் எழுதவில்லை.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் என் கடித உறைகளை எல்லாம் அவள் அப்பா வீட்டு அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாள். சைகோன் முத்திரை ஒன்று, புதுச்சேரி முத்திரை ஒன்று. இரண்டிலும் உள்ள தேதியை வாத்தியாரிடம் கேட்டுக் கேட்டு, விரல் மடக்கி எண்ணியிருக்கிறாள். எல்லா உறையிலும் எட்டு நாள். குப்புவுக்கு நாள் குறிக்கும்போது அந்த எட்டை எடுத்துக்கொண்டாள். காகிதம் சோறு தின்னாது, தம்பி தின்பான், தூங்குவான். அதற்கு ரெண்டு நாள். மேற்கொண்டு மூன்று நாள் கையிருப்பு. ஆக, அழைப்பு எழுதிய நாளிலிருந்து பதின்மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, காலை பத்துக்குள் முகூர்த்தம். இதைவிடக் கவனமாக ஒருவர் கணக்குப் போட முடியாது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். அவளுடைய அழைப்பு என்னிடம் வந்து சேரவும் எட்டு நாள் ஆகும்.

அது அவள் தவறு என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமனைக் கடிதம் எழுதி அழைப்பதில்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். போன வண்டியிலேயே மாமனையும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அழைப்பும் ஆளும் ஒரே வண்டி. அந்த வண்டி போகிற நேரத்தை யாரும் எண்ணியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை, கல்கத்தாவிலிருந்து வந்த மூட்டையில் அவள் கடிதம் இருந்தது. கையில் ஐந்து நாள். கடிதத்தின் கடைசியில் வாத்தியார், அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: "தம்பி, முதல்ல ரெண்டு போச்சு. இது தங்கணும்னு குப்பையில போட்டு எடுத்து, குப்புன்னு பேரு வச்சேன். மாமன் மடியில வச்சிக் காது குத்துறேன்னு அம்மன்கிட்ட சொல்லிக்கீறேன். வேற மடி எனக்கு வாணாம். மாமியா வூட்டுல, படிச்சவன் எங்க வரப்போறான்னு பேசிகினு கீறாங்க. நீ வந்துடு."

நாளைத் தள்ளிவைக்கச் சொல்லித் தந்தி அடித்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிற தந்தி சாவுக்குத்தான். பிரித்துப் படிக்க ஆள் தேடுவதற்குள் என்னைக் கட்டி அழுது முடித்திருப்பார்கள். காது குத்துகிற வீட்டுக்கு அதை அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

கப்பல் மாதத்துக்கு ஒன்று. மறுநாள் விடியலில் விமானம். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். திங்கள் இரவு ரங்கூன். செவ்வாய் மாலை கல்கத்தா, அன்றிரவே மெயில் ரயில். வியாழன் பகல் சென்னை. வெள்ளி விடியலில் புதுச்சேரி. ஜட்கா பிடித்தால் ஒன்பதரைக்குள் ஆற்று மணல். அரை மணி நேரம் மிச்சம். காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் மேலதிகாரியான ஷெஃப் வீட்டுக்கே போனேன். இளைஞர், பிரான்சில் பிரித்தானிப் பக்கத்து வெள்ளைக்காரர், கெட்டவர் இல்லை. அவசரம் என்ன என்று கேட்டார். அக்கா குழந்தைக்குக் காது குத்துகிறார்கள், அது என் மடியில் உட்கார வேண்டும் என்றேன்.

"உங்கள் நாட்டில் நாற்காலி கிடையாதா?"

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். இருக்கிறது, மொசியே, ஆனால் நாற்காலி தாய்மாமன் ஆகாது என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது. என் கணக்குக் காகிதத்தை மட்டும் இரண்டு முறை பார்த்தார். "ஓர் இருக்கை காலி. கட்டணத்தில் எனக்குச் சலுகை தர அதிகாரமில்லை. மாதா மாதம் சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள்" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, தபால் மூட்டை நிறுக்கும் தராசில் என்னை நிறுத்தார்கள். நிறுத்தவர் துவான் என்ற அன்னாமியர், என்னோடு தினமும் வேலை பார்ப்பவர். ஐம்பத்தொரு கிலோ என்று சொல்லிவிட்டு, முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு கட்டு ஊதுவத்தியை என் கையில் திணித்தார். கடன் பட்டு ஒருவன் ஆகாயத்தில் ஊருக்குப் பறக்கிறான் என்றால் பெற்றவர்களில் யாரோ போய்விட்டார் என்றுதான் அவருக்குத் தோன்றியது. "தகப்பனாரா, தாயாரா?" என்றார். தாயார் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போனவர், தகப்பனார் நன்றாக இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் அவர் எதைப் பிடித்துக்கொண்டாரோ, என் தோளைத் தட்டி, அவர் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அந்தத் துக்கத்தை நான் வாங்கிக்கொண்டுதான் ஏறினேன்.

விமானத்துக்குள் பேச்சுக் கேட்காது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளக் கொடுத்தார்கள். ஐந்து பேர், மற்ற நால்வரும் வெள்ளைக்காரர்கள். கால் வைக்கிற இடத்தில் நான் எடை எழுதிய மூட்டைகள். பாங்காக்குக்கு, ரங்கூனுக்கு எல்லாம் பலகையில் இருக்கிற மணிப்படியே போனோம். கீழே நெல் வயல் தெரிந்தபோதெல்லாம் வரப்பை எண்ணினேன். மேலிருந்து பார்த்தால் எந்த நாட்டு வரப்பும் ஒன்றுபோல் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அக்யாபில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். விமானி கைகளை விரித்துக் காட்டிவிட்டுத் தூங்கப் போனார். தகரக் கொட்டகையில் மழைச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து என் காகிதத்தைப் பார்த்தேன். கிலோமீட்டர் அப்படியே இருந்தது. மணியும் அப்படியே இருந்தது. மழைக்கு நான் கட்டம் போட்டிருக்கவில்லை. அங்கே போனது ஒரு நாள். கல்கத்தாவில் புதன்கிழமை இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஆற்று மணலில் நடந்ததை அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், பிறகு எனக்குச் சொன்னார். விடிகாலையிலேயே அப்பா ஏர் மாட்டைப் பூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டாராம். நாற்றங்காலுக்குப் பரம்படிப்பதுபோல, கோயிலிலிருந்து நாணல் மேடு வரைக்கும் மணலில் பரம்பு ஓட்டிச் சமன் செய்திருக்கிறார். விமானம் இறங்கச் சமதரை வேண்டும் என்று நான்தானே எழுதியிருந்தேன். அதில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று கயிறு கட்டி, இரண்டு முனையிலும் வேப்பிலை செருகி, ஆடுகளை விரட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். சனம் எல்லாம் அண்ணாந்து பார்த்தபடி. ஒரு பருந்து வட்டமிட்டதற்குப் பத்தர் எழுந்து நின்று கும்பிட்டாராம்.

பத்து மணி போனது. அக்காவின் மாமியார், பங்காளி முறையில் எங்களுக்குத் தம்பி ஒருவனைக் காட்டி, "இவனும் மாமன் மொறதானடி, இவன் மடியில வையி, வெயிலு ஏறுது" என்றிருக்கிறார். அக்கா மாட்டேன் என்றாள்.

"ஆகாசத்துல வர்றானா உன் தம்பி? வந்தா நான் மொட்ட போட்டுக்கறேன்."

"போட்டுக்குங்க அத்த, கத்தி இங்கதான் கீது."

இதற்கு மேல் மாமியாரால் அங்கே இருக்க முடியவில்லை. சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, அந்தப் பக்கத்துச் சனம் மூன்று வண்டியிலும் ஏறிக் காட்டேரிக்குப்பம் திரும்பியது. போகும்போது சொல்லிவிட்டுப் போனாராம்: காது குத்தாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வாசற்படி ஏறாதே என்று. மாமா தாயை வீட்டில் விட்டுவிட்டு அன்றிரவு முழுக்க நடந்து விடியலில் திரும்பி வந்திருக்கிறார். நான் வராவிட்டால் அக்கா எங்கே இருப்பாள் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஜட்காவை ஊர் எல்லையில் விட்டுவிட்டுக் கரும்புக் கொல்லை வழியாக நடந்தேன். கோட்டும் தொப்பியும் ஒரே புழுதி. கோயில் பக்கம் பார்த்தால் ஐந்து பேர். அப்பா கயிற்றோரம் குந்தியிருந்தார். மாமா வேம்படியில். மொட்டைத் தலைக் குழந்தையோடு அக்கா. கூலி கொடுத்தாகிவிட்ட பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்த பத்தர். ஏரப்ளானைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அடம். எல்லோரும் ஆற்றின் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முதுகுப் பக்கமாகப் போய் நின்றேன்.

அக்காதான் முதலில் திரும்பினாள். தொப்பியிலிருந்து செருப்பு வரைக்கும் பார்த்தாள்.

"இன்னாடா இது, ஊரே ஆகாசத்தப் பாத்துகினு கீது, நீ கொல்லப் பக்கமா வர்ற? ஏரப்ளானு எங்க?"

"கல்கத்தாவுலயே நின்னுடுச்சிக்கா."

"பொட்டக் கழுத," என்றார் அப்பா, விமானத்தை. பிறகு பரம்படித்த மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு சால் சேத்து ஓட்டியிருந்தா எறங்கியிருக்குமா?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? அது நம் மணலில் குறை இல்லை அப்பா, அந்தப் பக்கம் மழை என்றேன். அக்கா அதற்குள் என் கையைப் பிடித்திருந்தாள். அழவில்லை. என் உள்ளங்கையைத் தன் முகத்தில் ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டு, "பத்தரே, கம்பிய எடு" என்றாள்.

ஆற்றில் குளித்து, அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, மணை மீது உட்கார்ந்தேன். துவான் தந்த ஊதுவத்தியை அம்மன் முன்னால் கொளுத்தினேன்; எந்தத் துக்கத்துக்கோ கொடுத்தது, மணம் நன்றாகத்தான் இருந்தது. குப்புவைத் தூக்கி மடியில் வைத்தார்கள். வைத்ததும் அது உதைத்துக்கொண்டு இறங்கியது.

"இந்த ஆளு வாணாம்!"

"மாமன்டி, உன் மாமன்."

"வாணாம். ஏரப்ளான் மாமா வரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி. பிறந்தது முதல் அது என்னைப் பார்த்ததில்லை. அதற்குத் தெரிந்த மாமன் வானத்திலிருந்து கடிதமாக வருகிறவன். புழுதிக் காலோடு கரும்புக் கொல்லையிலிருந்து வந்தவன் வேறு யாரோ. அக்கா வெல்லக்கட்டி ஒன்றை என் கையில் கொடுத்தாள். அதை நீட்டி, நான் அக்யாபில் கேட்ட மழைபோல வாயால் சத்தம் காட்டி, விமானம் எப்படி உறுமும் என்றும் காட்டினேன். அந்த உறுமலுக்குத்தான் குழந்தை திரும்பி வந்து உட்கார்ந்தது. வலது காது, பிறகு இடது. முதல் குத்தலில் அது என் மார்பில் முகத்தைப் புதைத்து, அப்பாவின் வேட்டியைக் கடித்துக்கொண்டு அலறியது. அதன் மொட்டைத் தலை என் தாடையில் சூடாக இருந்தது. கால் மணி நேரம் இருக்கலாம். அந்தக் கால் மணி நேரம் சைகோன் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் எல்லோருமாக வண்டி கட்டிக் காட்டேரிக்குப்பம் போனோம். மாமியார் வாசலில் முறத்தோடு நின்றிருந்தார். குழந்தையின் காதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆகாசத்துல வந்தவனா நீ? இம்மாம் கறுப்பா கீறியே, சூரியனுக்குக் கிட்ட போயிட்டியா?" என்று கேட்டுவிட்டு, அக்காவிடம், "இன்னா நின்னுகினு கீற, வூட்டுக்குள்ள போய் எல போடு" என்றார். அவ்வளவுதான். அக்கா படியேறினாள்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அப்பா மெல்லக் கேட்டார், எவ்வளவு ஆச்சு என்று. சைகோன் பணத்தில் விமானத்துக்கு முந்நூறு பியாஸ்தர், ரயிலுக்கும் திரும்பும் கப்பலுக்கும் நாற்பது என்றேன். அப்பா விரல் மடக்கி எண்ணினார்.

"அப்போ ஒரு காதுக்கு நூத்தி எழுவது."

"ஆமாம்பா."

"நல்ல வேள, பொறந்ததுக்கு ரெண்டு காதுதான்."

திரும்பி வந்த கப்பல் பயணம் இருபத்தோரு நாள். அதன் பிறகு பன்னிரண்டு மாதம், சம்பளத் தாளில் ஐம்பது பியாஸ்தர் இரண்டு வரியாகப் பிரிந்து வந்தது. இருபத்தைந்து நான் இங்கே அரிசி வாங்கி, வாடகை கொடுத்து, சட்டை வெளுத்து இருந்ததற்கு. மற்ற இருபத்தைந்து நான் அங்கே இருந்த அந்தக் கால் மணி நேரத்துக்கு. ஒரு வருடம் பாதி ஆள் இந்தக் கரையிலும் பாதி ஆள் அந்தக் கரையிலுமாகக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினேன். அந்த வருடம் வீட்டுக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. வருவதாக இருந்த புது ஏர் மாடு வரவில்லை. பழைய மாட்டைக் கொண்டே அப்பா இரண்டு போகமும் உழுதார். இரண்டு நாள் விருந்தின் அரிசிக்கும் கிடாவுக்கும் அக்கா தன் கால் கொலுசை விற்றாள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. அது விற்ற விலையைப் பியாஸ்தராக மாற்றிப் பார்த்தேன். இருபத்தெட்டு. ஆக எங்கள் எல்லோருக்குமாக ஆன செலவு முந்நூற்று அறுபத்தெட்டு பியாஸ்தர்.